கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் பழுதானால்: சுங்கை சிப்புட் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

ஊரிலிருந்து வேலைக்கு வந்து, மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய இந்தப் பகுதியில் குடியேறும் நம்மவர்கள் பலர், சில மாதங்களிலேயே ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிவிடுகிறார்கள். மழை பெய்தால் சேறாகிவிடும் தோட்டச் சாலைக்கு அதுதான் பொருத்தம். கிளட்ச் மிதித்தே ஓட்டிப் பழகிய நமக்கு ஆட்டோ கியர் பெரிய நிம்மதியாகத் தோன்றும். ஆனால் எந்த நொடியில் எந்தக் கியர் விழ வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு சிறிய மின்னணுப் பெட்டி என்பது, அது பழுதாகும் நாள்வரை நமக்குத் தெரிவதில்லை. சென்ற மாதம் இங்கு வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர், கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள் என்று கலங்கிப்போய் வந்தார். 2 ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நான் பட்ட அலைச்சலை அவரும் மற்றவர்களும் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சில சொற்கள். இங்கே மெக்கானிக்கை ‘போர்மன்’ என்பார்கள். பட்டறைக்கு மலாயில் ‘பெங்கேல்’ என்று பெயர். ‘மிஞ்ஞாக் ஹித்தாம்’ என்றால் எஞ்சின் எண்ணெய்; கியர்பாக்ஸ் எண்ணெய் வேண்டுமானால் ‘ஆட்டோ கியர் எண்ணெய்’ என்று தெளிவாகக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வெட்டி இறக்குமதியாகும் பழைய வண்டிகளின் உதிரிப்பாகங்களை விற்பது ‘ஹாஃப்-கட்’ கடை. நாம் பேசும் பெட்டியைக் கையேட்டில் டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல் என்று அச்சிட்டிருப்பார்கள். பட்டறையில் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் என்றாலே புரிந்துகொள்வார்கள்.

என் வண்டியில் அது இப்படித் தொடங்கியது. ஈப்போவிலிருந்து திரும்பும்போது, உச்சிவெயிலில், கியர் திடீரென்று ஒரே நிலையில் நின்றுவிட்டது. எஞ்சின் இரைந்ததே தவிர வேகம் ஏறவில்லை. எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்திவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. கோளாறு தெரிந்ததும் கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதற்காகக் கம்ப்யூட்டர் ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றாவதில், வண்டியைப் பிடித்து வைத்துவிடுகிறது. அந்த நிலையில் பொறுமையாக வீடு வந்து சேரலாம். இழுத்துச் செல்லத்தான் வேண்டும் என்றால், நான்கு சக்கரமும் தரையில் படாத கேரியர் லோரியை மட்டும் அழையுங்கள். எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் பம்ப் சுற்றும். எஞ்சின் நின்ற நிலையில் பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டே இழுத்தால், நன்றாக இருக்கும் கியர்பாக்ஸும் எண்ணெயின்றித் தேய்ந்து கெடும்.

வெயிலில் வந்து நிழலில் மறையும் இந்தக் கோளாறை, ஆட்டோ கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்ததன் அறிகுறி என்று யாரேனும் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். தேய்ந்த தட்டு வண்டி ஆறினாலும் தேய்ந்தே இருக்கும். எண்ணெய் கருகிய வாடை அடிக்கும். ஆறினால் சரியாகிவிடுவது மின்சாரக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே எவரையும் கியர்பாக்ஸில் கைவைக்க விடுவதற்கு முன், ஸ்கேனர் மாட்டிப் பிழை எண்களைப் படிக்கச் சொல்லி, அவற்றை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். பி0700 என்பது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பிழையைப் பதிந்திருக்கிறது என்ற பொது அறிவிப்பு மட்டுமே. அதை மட்டும் காட்டிப் பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்வது தவறு. யூ0101 என்றால் மற்ற கம்ப்யூட்டர்களோடு அது பேசுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். பி0613 வந்தால் பெட்டியின் உள்ளேயே கோளாறு என்று சந்தேகிக்க நியாயம் உண்டு.

அப்போதும் அவசரப்படாமல் பெட்டிக்கு வரும் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, எஞ்சின் நிற்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு ஃபியூஸ், அதன்பின் எர்த் கம்பி. இவை எல்லாம் சரியாக இருந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் 16 முனைச் சாக்கெட்டில் 6, 14 ஆகிய முனைகளுக்கிடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டைக் கம்பியின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருப்பதால், மீட்டர் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒரு கோடியில் உள்ள தடை போய்விட்டது.

கம்பி அறுவது இந்தப் பக்கத்தில் அரிதான செய்தி அல்ல. செம்பனைப் பழத்தைத் தேடி எலிகள் பெருகுவதால்தான் பல தோட்டங்களில் கூகைகளுக்குப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள்; அந்த எலிகள் இரவில் சூடான எஞ்சின் அறைக்குள்ளும் ஏறிவிடுகின்றன. அந்தத் தம்பியின் வண்டியில் கம்பிக் கட்டைச் சுற்றியிருந்த நாடாவை விலக்கிப் பார்த்தபோது, மஞ்சள் கம்பியின் உறை விரல்நீளத்துக்குக் கடிபட்டுச் செம்பு பளபளத்தது. பக்கத்துக் கம்பி முழுதாகவே அறுந்திருந்தது. கம்பியைச் சேர்த்து, பற்றவைத்து, உறை போட்டதும் வண்டி ஓடிவிட்டது. அவருக்குப் பெட்டியும் தேவைப்படவில்லை, கியர்பாக்ஸும் தேவைப்படவில்லை.

என் வண்டியில் கம்பிகள் நன்றாக இருந்தன. கையுறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்த கம்ப்யூட்டரைக் கழற்றித் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ஒரு முனையின் ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை போல வட்டமாக விரிசல் ஓடியிருந்தது. சூட்டில் உலோகம் விரியும்போது அந்த இடம் விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். இத்தகைய விரிசலை மின்னணுப் பழுது பார்ப்பவர்கள் மறுபடி பற்றவைத்துத் தருகிறார்கள். பெட்டியை மாற்றுவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது என்பதே என் கருத்து. எனக்கோ விரிசலோடு பெட்டிக்குள் இருந்த சில்லும் (சிப்) கெட்டிருந்ததால் மாற்றித்தான் ஆகவேண்டியிருந்தது.

அங்கேதான் நான் தவறு செய்தேன். ஹாஃப்-கட் கடைத் தவுக்கே (முதலாளி) அதே மாடல் என்று சொன்னதை நம்பி வாங்கினேன். உருவம் ஒன்றாக இருந்தது, சாக்கெட்டும் பொருந்தியது, ஆனால் கியர் விழவில்லை. ஒட்டுத்தாளில் அச்சிட்டிருந்த பாக எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் வேறாக இருந்தன. ஆகவே பழைய பெட்டியின் ஒட்டுத்தாளைப் படம் எடுத்துக்கொண்டு போய், எண்ணை இறுதி எழுத்துவரை ஒப்பிடுங்கள். எண் பொருந்தினாலும், பெட்டிக்குள் பழைய வண்டியின் அடிச்சட்ட எண்ணும் அமைப்புகளும் பதிந்திருக்கக்கூடும். அதனால் பழைய பெட்டி கொஞ்சமாவது பேசும்போதே அதிலுள்ளவற்றைப் படித்துச் சேமிக்கச் சொல்லி, மாற்றுப் பெட்டியில் எழுதித் தரக்கூடிய பட்டறையையே நாடுங்கள்.

மாற்றும் வேலை, பெட்டி வெளியே இருக்கும் வண்டிகளில் எளிது. பேட்டரியின் எதிர்முனையை (மைனஸ் முனையை) கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, கையால் வண்டியின் இரும்பைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, சாக்கெட்டின் பூட்டை விடுவித்து, கம்பியைப் பிடித்து இழுக்காமல் உறையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். முனைகளில் பச்சைக் களிம்போ எண்ணெய்க் கசிவோ இருந்தால் சுத்தம் செய்யாமல் புதியதை மாட்டாதீர்கள். சில வண்டிகளில் பெட்டி கியர்பாக்ஸுக்குள்ளேயே, எண்ணெயில் மூழ்கியபடி இருக்கும். அதை அனுபவம் உள்ள போர்மனிடம் விட்டுவிடுங்கள். கையேட்டில் சொல்லியுள்ள அதே வகை எண்ணெய்தான் ஊற்றுகிறார் என்பதை மட்டும் டப்பாவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மென்பொருள் ஏற்றும் நேரம் முழுவதும் பேட்டரிக்குச் சார்ஜர் இணைந்திருக்க வேண்டும். நடுவில் வோல்ட் இறங்கினால் புதிய பெட்டியும் வீணாகிவிடலாம்.

மாட்டிய பிறகு முதல் சில நாட்கள் கியர் முரட்டுத்தனமாக விழலாம். கியர்பாக்ஸ் நன்றாகச் சூடான பின், தட்டையான சாலையில் மென்மையாக வேகமெடுத்து எல்லாக் கியர்களும் ஏறும்வரை ஓட்டி, பிரேக்கை மெல்ல அழுத்தி நிறுத்துவதைப் பலமுறை செய்தால், கம்ப்யூட்டர் தன் அளவுகளைத் திருத்திக்கொள்ளும். சில வண்டிகளுக்கு இதையும் ஸ்கேனர் வழியாகத்தான் தொடங்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பிழை எண்களை மீண்டும் படித்துப் பாருங்கள்.

பணம் கொடுக்கும்போது, வேலை தொடங்கும் முன்பே செலவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீதில் பாக எண்ணும் உத்தரவாத நாட்களும் இருக்கட்டும். கழற்றிய பழைய பெட்டியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டியில் செய்யாத வேலைக்குப் பணம் வாங்கிவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை நீங்களே பதியலாம். அங்கே அந்த ரசீதும் பழைய பெட்டியும்தான் உங்கள் சாட்சி.