புளொக் எழுதுவதும் சமூக ஊடகம்தானா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனைக்காரன்:

போன மாதம் வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் ஒரு படிவம் தந்தார்கள். "உங்களுடைய சமூக ஊடகக் கணக்குகள் அனைத்தையும் குறிப்பிடவும்" என்று அதில் ஒரு கட்டம். பேஸ்புக் எழுதினேன், இன்ஸ்டகிராம் எழுதினேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் எச்.ஆரில் இருந்து கூப்பிட்டு, "நீங்கள் பல வருடமாகப் புளொக் எழுதுகிறீர்களாம், அதை ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்ட பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தார், ஆனால் அந்த 'மறைத்தீர்கள்' எனக்குச் சுட்டுவிட்டது. 2008இல் இருந்து எழுதுகிறேன், யாரும் தேடிப் பார்க்கலாம். அது சமூக ஊடகம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குக் கொள்ளுப்பிட்டியில் இருந்து பஸ்ஸில் வரும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேரும்போது அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி என்று பட்டது.

2018 மார்ச்சில் திகன, கண்டிப் பக்கம் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை நடந்தபோது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரு வாரம் நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். என் வலைப்பூ மட்டும் எப்போதும்போலத் திறந்தது. பார்த்தீர்களா, அரசாங்கத்தின் கணக்கிலேயே புளொக் சமூக ஊடகம் இல்லை என்று ஒரு பதிவே போட்டேன், பெருமையாக.

அப்புறம் 2019 ஏப்ரல் 21 வந்தது, ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த நாள்.

எங்கள் வீட்டில் சைவம், ஆனாலும் செவ்வாய்க்கிழமையில் பக்கத்துக் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்துக்குப் போகாவிட்டால் அம்மாவுக்கு அந்த வாரம் முழுமையாகாது. அன்று ஞாயிறு, அதனால் வீட்டில் இருந்தார். காலை எட்டே முக்கால் இருக்கும், ஒரு சத்தம். குசினி அலுமாரிக்குள் இருந்த கிளாஸெல்லாம் ஒன்றோடொன்று தட்டுப்பட்டு அடங்கியது. அம்மா கையில் தேங்காய்ப் பாதியோடு அப்படியே நின்றார். கொஞ்ச நேரத்தில் அம்புலன்ஸ், பிறகு இன்னொன்று, பிறகு நிற்காமல். ஃபோன் லைன் கிடைக்கவில்லை. பின்னேரமாகும்போது வட்ஸ்அப், வைபர், பேஸ்புக் ஒன்றும் இல்லை, மறுபடியும் நிறுத்திவிட்டார்கள், ஊரடங்கும் போட்டாயிற்று.

இரவு ஏதாவது எழுதலாம் என்று வலைப்பூவைத் திறந்தேன், ஒரு வரியும் வரவில்லை. அப்போதுதான் பார்த்தேன், என் அனுமதிக்காகக் காத்திருக்கும் பின்னூட்டங்கள் 11. எல்லாம் ஒரே பதிவின் கீழே. பல வருடத்துக்கு முன் ஜூன் 13 அந்தோனியார் திருவிழா பற்றி நான் எழுதிய பதிவு, அதை நானே மறந்திருந்தேன். முதலாவது பின்னூட்டம் ஒரே சொல்: "இருக்கிறீர்களா?" டொரொண்டோவில் இருந்து 2009 தொடக்கம் எனக்குப் பின்னூட்டம் போடுகிறவர், முகம் தெரியாது. அடுத்தது மட்டக்களப்பில் இருந்து, "எங்கட சீயோன் தேவாலயத்திலும் நடந்துவிட்டது, உங்கட பக்கம் எப்படி?" என்று.

எல்லாவற்றையும் அனுமதித்து, அம்மாவும் நானும் சுகம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கே இல்லை. டொரொண்டோக்காரர் தன் மச்சாள் ஜிந்துப்பிட்டியில் இருக்கிறார், ஒரு தகவலும் இல்லை என்று எழுத, வெள்ளவத்தையில் இருந்து ஒருவர் தன்னிடம் லாண்ட்லைன் இருக்கிறது, நம்பரை ஈமெயிலில் அனுப்புங்கள் என்றார். இரவு ஒன்றரைக்கு "கதைத்துவிட்டேன், நல்லாயிருக்கிறா" என்று பதில். அவர்கள் இருவரும் நானும் ஒருவரையொருவர் கண்டதில்லை, நான் திரையைப் பார்த்துக்கொண்டு அனுமதி பட்டனை அழுத்தியதோடு சரி. இதைச் சமூக ஊடகம் என்று சொல்லாமல் வேறு என்ன பேரில் சொல்வது?

யோசித்துப் பார்த்தால் தொடக்கத்தில் இருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. ப்ளாக்கர் 1999 ஆகஸ்டில் வந்தது, பேஸ்புக் 2004இல். 2004இலேயே தமிழ்மணம் திரட்டி வந்துவிட்டது, யார் புதிதாக எழுதினார், எதற்குப் பின்னூட்டம் விழுந்தது என்று அதைத் திறந்தால் தெரியும். இன்றைக்கு நியூஸ்ஃபீட் என்கிறோமே, எங்களுக்கு அதுதான் நியூஸ்ஃபீட். பக்கவாட்டில் நண்பர்களின் வலைப்பூப் பட்டியல் வைப்போம். 2009 ஆகஸ்டில் இலங்கைத் தமிழ்ப் பதிவர்கள் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் கூடியபோது நானும் போயிருந்தேன், பின்னூட்டத்தில் மாதக்கணக்காகச் சண்டை பிடித்த ஒருவர் பக்கத்துக் கதிரையில் இருந்து எனக்குத் தேத்தண்ணி எடுத்துத் தந்தார்.

படிவத்தில் வலைப்பூ முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டேன். 'மறைத்தார்' என்ற சொல்லை என் கோப்பில் இருந்து எடுக்கும்படியும் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு இப்படி ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

தெஹிவளை வாசகி:

அண்ணா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனாலும் எல்லாப் புளொக்கையும் அதில் சேர்க்க மனம் வரவில்லை.

நான் சமையல் குறிப்பு எழுதுகிறேன். முதல் இரண்டு வருடம் பின்னூட்டம் திறந்துதான் இருந்தது, பெயரில்லாமல் வந்து ஒரு ஆள் தொடர்ந்து எழுதிய அசிங்கத்தால் மூடினேன். அப்பா பார்த்துவிடுவார் என்ற பயத்தில் விடிய எழும்பியதும் முதல் வேலையாக அழித்துக்கொண்டிருந்த காலம் அது. மூடிய அன்றைக்குத்தான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். இப்போது ஆட்கள் வருகிறார்கள், ஒடியல் கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று வாசிக்கிறார்கள், போகிறார்கள். யார் வந்தார் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்குள்ளும் ஒருவரையொருவர் தெரியாது. இது அச்சடித்த சமையல் புத்தகம் மாதிரித்தானே, ஊடகம் சரி, சமூகம் எங்கே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிடித்த தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் கூகுள் ரீடரை 2013 ஜூலை 1ஆம் திகதி மூடினார்கள். என்னை அதில் தொடர்ந்த வாசகர்கள் அதோடு காணாமல் போனார்கள். பேஸ்புக்கில் நண்பர்களும் எழுத்தும் ஒரே இடத்தில் இருக்கிறது. எங்களுக்கு எழுத்து ஓரிடம், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள் வேறிடம், அந்த ஆள் கடையை மூடினால் எங்கள் கதையும் முடிந்தது. நீங்கள் சொன்ன தமிழ்மணத்துக்கும் அதுதானே நடந்தது?

பம்பலப்பிட்டி டீச்சர்:

இதே கேள்வியில் நான் ஒரு பிள்ளைக்குப் பிழை செய்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

ஊடகம் படிக்கும் வகுப்பில் சமூக ஊடகத்துக்கு உதாரணம் கேட்டிருந்தேன். ஒரு மாணவி 'வலைப்பூ' என்று எழுதியிருந்தாள், நான் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டேன். அவள் வாதாடவில்லை, முகம் மட்டும் சுருங்கியது. அன்றிரவு சந்தேகம் வந்து தேடி வாசித்தேன். கப்லான், ஹென்லைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் எழுதிய, எல்லோரும் மேற்கோள் காட்டும் கட்டுரையில் சமூக ஊடகத்தை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள், அதில் வலைப்பூவும் ஒரு வகை. நான் மனதில் வைத்திருந்தது வேறு: டானா பாய்டும் நிக்கோல் எலிசனும் 2007இல் சொன்ன வரைவிலக்கணம். தன்னைப் பற்றிய ஒரு பக்கம் வேண்டும், தொடர்பில் உள்ளவர்களின் பட்டியல் வேண்டும், மற்றவர்களின் பட்டியலுக்குள்ளும் போய்ப் பார்க்க முடிய வேண்டும். ஆனால் அது சமூக வலைத்தளத்துக்கான வரைவிலக்கணம், சமூக ஊடகம் என்ற பெரிய குடைக்குரியது அல்ல. எங்கள் பத்திரிகைகள் இரண்டு சொல்லையும் மாறி மாறிப் போடுகின்றன, நானும் அதே குழப்பத்தில்தான் வெட்டினேன்.

அடுத்த நாள் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு, புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன். கொட்டாஞ்சேனைத் தம்பி, படிவத்தில் எச்.ஆர். கேட்டது சரி, 'மறைத்தீர்கள்' என்றது பிழை. இரண்டையும் பிரித்துச் சொல்லி அந்தச் சொல்லை எடுப்பியுங்கள், விடாதீர்கள்.

57ஆம் ஒழுங்கை:

சுருக்கமாக ஒன்று. பெயர் என்னவாக இருந்தாலும் இணையத்தில் பொய்த் தகவல் பரப்புவதைக் குற்றமாக்கும் 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பேஸ்புக்கோடு நிற்பதில்லை, இணையத்தளத்தில் எழுதினாலும் அதற்குள் வரும். புளொக் தானே என்று நினைத்துக் கவனமில்லாமல் எழுத வேண்டாம், தெரிந்த ஒருவர் ஒரு பதிவுக்காக வக்கீல் கடிதம் வாங்கிவிட்டு இரண்டு மாதம் சாப்பாடு இறங்காமல் திரிந்தார்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

டீச்சர், நன்றி. அந்தச் சொல்லை எடுக்கும்வரைக்கும் விடமாட்டேன்.

தங்கச்சி, நீங்கள் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். பின்னூட்டம் மூடிய வலைப்பூவை நானும் சமூக ஊடகம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் மூடியது நூற்றுக்கு நூறு சரி, அந்த ஆளுக்காக நீங்கள் நித்திரையை இழக்கத் தேவையில்லை. ஆனால் அன்றிரவு என் பெட்டி மூடியிருந்திருந்தால் அந்த 11 பேரும் எங்கே போய்க் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு யோசிக்க முடியவில்லை. திரட்டிகள் போய்விட்டதும் உண்மைதான். அன்றைக்கு வந்தவர்கள் ஒரு திரட்டி வழியாகவும் வரவில்லை, முகவரி நினைவில் இருந்து வந்தவர்கள்.

அந்தப் பதிவை இன்னும் மூடவில்லை. ஒவ்வொரு ஏப்ரல் 21ஆம் திகதியும் யாராவது ஒரு வரி போடுகிறார்கள். மட்டக்களப்புக்காரர் இந்த முறை திகதியை மட்டும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே டொரொண்டோக்காரர், "இருக்கிறோம்."