கேம்பிரிட்ஜ் – ஈலி பக்கத் தட்டை நாட்டில் சைக்கிளும் நடையும்: மே மாதம் எப்படி?

வெள்ளவத்தை ஓய்வூதியர்:
எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் மே மாதம் மகளோடு கேம்பிரிட்ஜில் நிற்கப் போகிறோம். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க எங்களுடையது. லண்டனைப் போன முறையே பார்த்தாயிற்று. இந்த முறை ஃபென்ஸ் என்று சொல்கிற அந்தத் தட்டையான வயல் நாட்டையும், அங்கே உள்ள சின்னச் சின்னச் சந்தை நகரங்களையும் ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க ஆசை. எனக்கு 63 வயது. காலையில் காலி முகத்திடல் வரை சைக்கிளில் போய் வருகிறேன். மனைவிக்கு சைக்கிள் ஓடத் தெரியாது, ஆனால் நடப்பதில் என்னை முந்திவிடுவார். மேடு பள்ளம் இல்லாத இடம் என்பதால் தூரம் பெரிய பிரச்சினையாக இராது என்று நினைக்கிறேன். சரிதானா? மருமகனோ “அங்கே பார்க்க என்ன இருக்கிறது, வெறும் வயல்தானே” என்கிறார்.

தெஹிவளை அக்கா:
அண்ணா, மருமகன் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். நான் அங்கே ஈலி என்ற சிறு நகரில் குடியிருந்தவள். தெஹிவளைக்குத் திரும்பிய பிறகும் அந்த வெளியை நினைத்தால் மனம் அங்கேயே போய் நிற்கும்.

தூரத்தைப் பற்றி நீங்கள் நினைப்பது பாதிதான் சரி. அங்கே ஏற்றம் இல்லை, காற்று இருக்கிறது. மறிக்க ஒரு தோப்போ மதிலோ இல்லாத வெளி. யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஏற்றம் என்றால் பிறகு ஓர் இறக்கம் வரும். எதிர்காற்று போகுமிடம் வரை விடாது. ஆகவே காலையில் எழுந்ததும் மழையைப் பார்க்காதீர்கள், காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வீசும். ஈலி, கேம்பிரிட்ஜுக்கு வடகிழக்கே இருக்கிறது. அதனால் சைக்கிளில் போய் ரயிலில் திரும்புவதுதான் வசதி. ரயிலில் கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும், அவ்வளவுதான். வசந்தத்தில் சில நாள் வடகிழக்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும். அன்றைக்கு மாறிச் செய்யுங்கள்: ரயிலில் போய் சைக்கிளில் வாருங்கள்.

வழி என்றால் தேசிய சைக்கிள் பாதை 11. அதில் பொட்டிஷத்துக்கும் விக்கன் ஃபெனுக்கும் இடையே உள்ள துண்டை லோட்ஸ் வே என்பார்கள். பழைய வாய்க்கால்களைக் குறுக்கே கடந்து போகிற பாதை. ரீச் வாய்க்காலுக்கு மேலே 2010இல் சைக்கிளுக்கென்றே ஒரு பாலம் போட்டார்கள். விக்கனில் நிச்சயம் இறங்கி நில்லுங்கள். வடிக்காமல் மிஞ்சிய பழைய சதுப்பு நிலம் அது. 1899இலேயே நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு அதில் முதல் துண்டை வாங்கிவிட்டது. நாணல் நடுவே பலகை நடைபாதை இருக்கிறது, உங்கள் வீட்டு அக்காவுக்கும் சுகமாக இருக்கும். மரத்தாலான பழைய காற்றாடி பம்ப் ஒன்றும் நிற்கிறது. மே மாதத்தில் நாணலுக்குள்ளே குருவிகள் போடுகிற சத்தம் காதை நிறைக்கும்.

இனி எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிற விஷயம். அந்த நாட்டில் ஆற்றைப் பார்க்க நீங்கள் மேலே ஏற வேண்டும். வயலிலிருந்து அணைக்கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் படகு உங்கள் காலடிக்குச் சற்றுக் கீழே போகும். மறுபக்கம் திரும்பினால் கறுப்பு மண் வயல் அதை விடத் தாழ்வாகக் கிடக்கும். அதற்குள் ஒரு வீடு, வீட்டின் மேல்மாடி ஜன்னல் ஏறக்குறைய ஆற்று நீர்மட்டத்தில். 1630களில் வெர்முய்டன் என்ற டச்சுப் பொறியியலாளரைக் கொண்டுவந்து, நேர்கோடாகக் கால்வாய் வெட்டி, சதுப்பை வடித்தார்கள். தண்ணீர் போனதும், மட்கிய செடிகொடியால் ஆன அந்த மண் காய்ந்து சுருங்கத் தொடங்கியது. காற்றுப் பட்டதும் கரைந்தும் போகிறது. நிலம் இறங்கியது, ஆறு மேலேயே நின்றுவிட்டது. முதலில் காற்றாடி, பிறகு நீராவி, இப்போது டீசலும் மின்சாரமும் என்று பம்ப் ஓயாமல் ஓடினால்தான் அந்த வயல் வயலாக இருக்கும். பீற்றர்பரோ பக்கம் ஹோம் ஃபெனில் ஓர் இரும்புத் தூண் இருக்கிறது. 1851இல் அதன் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அது ஏறக்குறைய 4 மீற்றர் வெளியே நிற்கிறது. இதை மருமகனுக்குச் சொல்லுங்கள், வெறும் வயல் என்று பிறகு சொல்லமாட்டார்.

மண் இறங்குவதால் சில ரோட்டுகள் அலை அலையாக வளைந்திருக்கும். வேகமாகப் போனால் இடுப்புக்குக் கூடாது.

சந்தை பார்க்க நாளைக் கணக்கு வைத்துப் போக வேண்டும். ஈலிக்கு வியாழன். தேவாலயத்தையும் அன்றே பார்க்கலாம். நடுக்கோபுரம் 1322இல் இடிந்து விழ, அந்த இடத்தில் எட்டுப் பட்டையாக மரத்தில் கட்டியெழுப்பிய கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கலாம். வெளியிலிருந்து வரும்போது தேவாலயக் கோபுரம் முன்னாலேயே தெரியும், மிதிக்க மிதிக்க கிட்ட வராது, அதற்கும் தயாராக இருங்கள்.

வத்தளை தம்பி:
ஐயா, போவதற்கு முன் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். வத்தளையிலிருந்து ஹமில்டன் கால்வாயை ஒட்டிப் பமுணுகம பக்கம் விடியற்காலையில் ஓடிப் பாருங்கள். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் முத்துராஜவெல. அந்தக் கால்வாயும் 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் சதுப்பிலிருந்து உப்புத் தண்ணீரை வடிக்க வெட்டியதுதான். ஏழு மணிக்குப் பிறகு வாகனம் கூடிவிடும், அதற்குள் திரும்பிவிடுங்கள். உங்கள் மனைவியோடு நடக்க என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்கா நல்லது. கொழும்புக்கு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததே, அந்த ஈரநிலங்களில் அதுவும் ஒன்று.

வெள்ளவத்தை ஓய்வூதியர்:
தங்கச்சி, தம்பி, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஆற்றைப் பார்க்க மேலே ஏறுகிற கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், உடனே பார்க்க வேண்டும் என்கிறார். இப்போது பிரச்சினை இதுதான்: நான் சைக்கிளில், அவர் நடையில். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே ஊருக்குப் போக வழி உண்டா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

தெஹிவளை அக்கா:
உண்டு அண்ணா. சென்ற் ஐவ்ஸுக்குப் போங்கள், திங்கட்கிழமை பார்த்து. கேம்பிரிட்ஜிலிருந்து அந்த ஊருக்குப் பஸ் மட்டும் ஓடுகிற தனித் தடம் ஒன்று இருக்கிறது, 2011இல் திறந்தது. பக்கத்திலேயே தட்டையான, தார் போட்ட சைக்கிள் பாதை, சுமார் 20 கிலோமீற்றர். அக்கா பஸ்ஸில் வரட்டும், நீங்கள் பக்கத்தில் மிதியுங்கள். இந்த வழி வடமேற்கே போவதால் தென்மேற்குக் காற்று குறுக்கேதான் அடிக்கும், போகவும் வரவும் ஒரே அளவு கஷ்டம்தான். திங்கட்கிழமை சந்தை நடக்கும். முடிந்ததும் ஆற்றுப் பாலத்துக்கு நடந்து போங்கள். பாலத்தின் நடுவிலேயே 15ஆம் நூற்றாண்டுச் சிறு கிறிஸ்தவக் கோயில் ஒன்று கட்டியிருக்கிறார்கள். மழை கூடிய காலத்தில் அந்தச் சைக்கிள் பாதையில் சில இடம் வெள்ளத்தில் மூழ்கும், மே மாதத்தில் பெரும்பாலும் பயமில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து நடக்க என்றால் கேம்பிரிட்ஜிலிருந்து காம் ஆற்றோரமாக வாட்டர்பீச் வரை, 10 கிலோமீற்றர் அளவு வரும். அங்கே ரயில் ஏறலாம். இன்னொரு நாள் ஈலியிலிருந்து லிற்றில்போர்ட், அதுவும் ஆற்றங்கரைதான், அங்கேயும் ரயில் உண்டு. ஒன்று கவனியுங்கள்: மஞ்சள் அம்பு போட்ட பாதை நடப்பவர்களுக்கு மட்டும், அதில் சைக்கிள் ஓடக் கூடாது. நீல அம்பில் ஓடலாம்.

சாப்பாடு கட்டிக்கொண்டே போங்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையில் கடை இல்லை. பாணும் சம்பலும் போதும். தண்ணீர்ப் போத்தல் இரண்டு, வெயிலுக்குத் தொப்பி, காற்றுப் புகாத மெல்லிய ஜக்கெற். மே மாதம் என்று ஏமாந்துவிடாதீர்கள், அணைக்கட்டில் காற்று உடம்பை ஊடுருவும். வேலிகளில் முள்மரம் வெட்டிய இடங்களில் ரயர் காற்றுப் போய்விடும், ஒட்டுகிற சாமானும் சின்னப் பம்பும் பையில் இருக்கட்டும். பொழுது ஒன்பது மணி மட்டில்தான் சாயும், அவசரப்பட வேண்டாம்.