சுயசான்று அனுமதி: 7 மீட்டருக்குள் இரண்டு தளம் அடங்குமா?

கேள்வி:
அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் 30க்கு 50 அடி மனை. தரைத்தளமும் முதல் தளமும் சேர்த்து 2,200 சதுர அடி. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் (அதிகாரிகளின் ஆய்வுக்குக் காத்திராமல், உரிமையாளரே உறுதிமொழி தந்து கட்டட அனுமதி பெறுவது) விண்ணப்பிக்க எண்ணம். மேஸ்திரி தளத்துக்குப் பத்தரை அடி உயரம் கேட்கிறார். சரிப்படுமா? இந்த முறையில், கட்டி முடித்தபின் வாங்கும் முடிவுச் சான்றிதழே வேண்டாமாமே, உண்மையா?

பதில்:
மனை 2,500, கட்டடம் 3,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். அதில் சிக்கல் இல்லை. உயரம்தான் இடிக்கிறது. 2024இல் இந்த முறை வந்தபோது வைத்த உயர வரம்பு 7 மீட்டர், அதாவது 23 அடிக்குச் சற்றே குறைவு. பேஸ்மட்டம் இரண்டரை அடி, தளங்கள் 21 அடி: மொத்தம் 23.5. தாண்டிவிட்டது. கான்கிரீட் கனத்தையும் சேர்த்துத் தளத்துக்கு 10 அடி வைத்தால் 22.5, அடங்கிவிடும். பேஸ்மட்டத்தை மட்டும் குறைக்காதீர்கள். தெருவில் புதுத் தார் போடப் போட மட்டம் ஏறும், மழைத் தண்ணீர் வாசலுக்கு வரும்.

பதில்:
சான்றிதழ் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் தரும் உறுதிமொழி தவறானால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். பத்திரத்தில் உள்ள அளவையும் பட்டா, புலப்பட (சர்வே துறையின் நில அளவை) வரைபட அளவையும் முதலில் ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 30 அடி, தரையில் 29 அடி என்றால் பக்க இடைவெளியில் ஒரு அடி போய்விடும். சர்வே கல்லிலிருந்து அளந்துதான் வானம் தோண்ட வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் மதிப்பீட்டாளர் வரைபடத்தோடு ஒப்பிடுவார். மாறினால் அடுத்த தவணை நிற்கும்.

பதில்:
இந்த மாற்றத்தை வரவேற்கிறேன், சின்ன வீட்டுக்கு மாதக்கணக்கில் அலைய வைப்பது அநியாயம். ஆனால் கம்பியையும் கலவையையும் பார்ப்பதை நீங்களேதான் ஏற்பாடு செய்ய வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் பொறியாளர் நிற்கட்டும். தூண் கம்பிக்கு வெளியே 40 மி.மீ., தளக் கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) இருக்கிறதா, தூண் வளையத்தின் கொக்கி 135 பாகை உள்நோக்கி மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 90 பாகையில் விட்டால் நில அதிர்வில் வளையம் விரிந்து, நெடுங்கம்பி பிதுங்கும். சென்னை நில அதிர்வு வரைபடத்தில் மிதமான அபாயமுள்ள மூன்றாம் மண்டலம் என்பதை மேஸ்திரிகள் மறந்துவிடுகிறார்கள்.

1,100 சதுர அடியில் 5 அங்குலத் தளத்துக்குச் சுமார் 13 கன மீட்டர் கான்கிரீட். ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) கணக்கில் அதற்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கான்கிரீட் கனசதுரம். வலிமையை அறிய 28ஆம் நாள் ஆய்வகத்தில் உடைக்க வேண்டும். பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டுங்கள். ஏழாம் நாளே நிறுத்தச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.