கீழக்கரையில் புதிதாகப் பதித்த புல்தரை ஓரம் ஓரமாகக் காய்கிறது, காப்பாற்ற வழி சொல்லுங்கள்

கீழக்கரை வாசல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீடு கடற்கரைப் பக்கம், முன்வாசலில் ஏறக்குறைய 500 சதுர அடிக்குக் கொரியன் புல் பதித்திருக்கிறோம், போன வாரம்தான் வேலை முடிந்தது. மணலுக்கு மேல் இரண்டு லோடு செம்மண் கொட்டிப் பரப்பி, அதன் மேல் பாய் பாயாக வெட்டிக் கொண்டுவந்த புல்லை அடுக்கினார்கள். பதித்தவர் காலையும் மாலையும் தண்ணீர் விட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், இப்போது போன் செய்தால் எடுப்பதில்லை. பங்குனி வெயில் தெரியுமே, நடுவில் பச்சையாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பாயின் ஓரமும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது, சில மூலைகள் மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

போர் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். காவிரித் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது, அது வீட்டுக்கே சரியாகப் போகும். மத்தியானம் தண்ணீர் விட்டால் புல் வெந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், உண்மையா? யூரியா போட்டால் பச்சை திரும்புமா? வாப்பாவுக்கு இந்த வாசலில் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார வேண்டும் என்று ரொம்ப ஆசை, அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

மண்டபம் தோட்டக்காரர் எழுதியது:

தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். காய்ந்த இடத்தில் ஒரு பாயின் மூலையை மெதுவாகத் தூக்கி, அடியில் இருக்கும் மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். மேலே ஈரமாகத் தெரியும், அடியில் பொடியாக இருக்கும், பெரும்பாலும் இதுதான் கதை. வெட்டி எடுத்த புல்லுக்கு வேர் ஒரு அங்குலம்கூட இருக்காது, மிச்ச வேரெல்லாம் அது வளர்ந்த நிலத்திலேயே தங்கிவிட்டது. கீழே உள்ள மண்ணிலிருந்து அதனால் இப்போதைக்குத் தண்ணீர் எடுக்க முடியாது, அந்தப் பாயில் ஒட்டியிருக்கும் மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதுதான் அதற்குச் சோறு. நம் ஊர்க் காற்றுக்கு அந்த ஈரம் நண்பகல் வரைகூடத் தாங்காது. இரண்டு பாய்க்கு நடுவில் சந்து இருந்தால் காற்று அதற்குள் புகுந்து ஓரத்தைத்தான் முதலில் காய வைக்கும்.

ஆகவே வேர் பிடிக்கும்வரை காலை, மாலை என்பது போதாது. இன்றே ஒரு தடவை நன்றாக விடுங்கள், பாயைத் தாண்டி அடி மண் நான்கு அங்குலத்துக்கு நனைய வேண்டும். அதற்குப் பிறகு காலை ஆறு மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, இரண்டரை மணி வாக்கில் ஒன்று, வெயில் இறங்குவதற்கு முன்னால் ஒன்று என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விடுங்கள். மத்தியானம் விட்டால் வெந்துவிடும் என்பது சரியில்லை, இலைமேல் நிற்கும் துளி புல்லைச் சுடாது, மாறாகச் சூட்டைத் தணிக்கும். ஒன்றை மட்டும் பாருங்கள், வெயிலில் கிடக்கும் ஹோஸில் நிற்கிற தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும், அதை முதலில் வேறு பக்கம் ஓடவிட்டு, கையில் குளிர்ச்சி தட்டிய பிறகு புல்லுக்குத் திருப்புங்கள். ராத்திரியில் விட வேண்டாம், கடற்கரைக் காற்றில் இயல்பாகவே ஈரப்பதம் இருக்கிறது, விடிய விடிய இலை நனைந்து கிடந்தால் பூஞ்சணம் வரும்.

அளவு கேட்டால், 500 சதுர அடி என்பது ஏறக்குறைய 46 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். இந்த வெயிலுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் வேண்டியிருக்கும், அதாவது 230 லிட்டரிலிருந்து 280 லிட்டர். ஆயிரம் லிட்டர் டேங்க் நான்கு நாள் வாக்கில் தீர்ந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கிக்கொண்டு நிற்கும் மூலைகளை நனைத்து, ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி அழுத்துங்கள். அடியில் காற்று இருக்கிற இடத்தில் வேர் இறங்காது. சந்துகளில் சலித்த மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். கடற்கரை மணலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அதில் உப்பு இருக்கும்.

ராமநாதபுரம் நாற்றுப்பண்ணை எழுதியது:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்த 280 லிட்டரும் எந்தத் தண்ணீர் என்பதுதான் நம் பக்கத்தில் பெரிய கேள்வி. சவர்த் தண்ணீரை நாளுக்கு நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் மேலே தங்கும், அதுவும் வேர் இருக்கும் அந்த ஒரு அங்குலத்திலேயே. புல் ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் காயும். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்த மாதிரித் தெரிகிறதா பாருங்கள்.

ஆர்ஓ மெஷின் பார்க்க வருபவரிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும், போர் தண்ணீரை அளக்கச் சொல்லுங்கள். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பாசனத் தண்ணீருக்கு வைத்திருக்கும் கணக்குப்படி லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பயமில்லை, 450 முதல் 2000 வரை கவனம் வேண்டும், 2000க்கு மேல் போனால் கடுமையான சிக்கல். கொரியன் புல் ஓரளவுக்கு உப்பைத் தாங்கும் ஜாதிதான், வேர் பிடித்த பிறகு. வேர் இல்லாத புதுப் புல்லுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதனால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டுமாவது லாரித் தண்ணீர் வாங்கி விடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள், இப்போது மிச்சம் பிடித்தால் புல்லை மறுபடி வாங்க வேண்டியிருக்கும். முழுக்க முடியாவிட்டால் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். பிற்பாடு போர் தண்ணீருக்கு மாறும்போது அவ்வப்போது ஒரு நாள் அள்ளி ஊற்றி உப்பைக் கீழே இறக்கிவிட வேண்டும், தினமும் தெளிக்கிற வேலை கூடாது. மழைக்காலத்தில் அந்த வேலையை ஐப்பசி மழை தானே செய்துவிடும்.

யூரியா இப்போது வேண்டவே வேண்டாம். உப்பும் வெயிலும் போதாதென்று அதுவும் ஒரு உப்பாகத்தான் போய்ச் சேரும். வேர் பிடித்து ஒரு மாதம் போகட்டும், அப்போதும் கொஞ்சமாகப் போட்டு உடனே தண்ணீர் விடுங்கள். சிலர் ஜிப்சம் போடச் சொல்வார்கள், மண்ணில் சோடியம் ஏறியிருந்தால்தான் அது வேலை செய்யும், சோதித்துப் பார்க்காமல் கொட்டுவதில் பலனில்லை. ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நம் மண்ணையும் தண்ணீரையும் பற்றி அங்கே கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள்.

உச்சிப்புளி அக்கா எழுதியது:

தண்ணீர் தட்டுப்பாடு என்றதும் வீட்டுக் கழிவுத் தண்ணீரை எல்லாம் புல்லுக்குத் திருப்பத் தோன்றும், அதனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல், அது வேண்டாம். வாஷிங் மெஷின் தண்ணீரில் சோப்புத்தூள் சோடியம் இருக்கும், அதுவும் வேண்டாம். அரிசி, காய் கழுவிய தண்ணீர் தாராளமாக விடலாம். ஏசி ஓடுகிற வீடென்றால் வெளியே சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி வையுங்கள், அது காற்றிலிருந்து வடிகிற தண்ணீர், உப்பே கிடையாது. கடலோரக் காற்றில் வாளி சீக்கிரம் நிறையும், காய்ந்த ஓரங்களுக்கு அதை ஊற்றுங்கள்.

இன்னொன்றும் மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. குடம் வைத்துத் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. 500 சதுர அடியும் புல்லாக இருந்தே ஆக வேண்டுமா என்று யோசியுங்கள். வாப்பா உட்காரும் இடத்தைச் சுற்றி நல்லபடியாக இருக்கிற பாய்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மதில் ஓரம் அரளி, காகிதப்பூ என்று வைத்தால் பாதித் தண்ணீர் மிச்சமாகும், காற்றும் தடுபடும்.

கீழக்கரை வாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூலையைத் தூக்கிப் பார்த்தேன், மண்டபம் காக்கா (அண்ணன்) சொன்ன மாதிரியே அடியில் பொடி மண். நடுப் பாய்களில் வெள்ளை வேர் கொஞ்சம் தெரிகிறது. போர் தண்ணீர் டிடிஎஸ் 2600 காட்டுகிறது, லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டேன். அக்கா, நீங்கள் சொன்னதை வாப்பாவிடம் சொன்னேன், தெற்கு மதில் ஓரம் ஒரு வரிசையை எடுத்துவிட்டு அரளி வைக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். இனி இரண்டு கேள்விதான். ஓரத்தில் காய்ந்த புல் செத்துவிட்டதா, பிழைக்குமா? எப்போது வெட்டலாம்?

மண்டபம் தோட்டக்காரர் எழுதியது:

இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தரையோடு ஓடுகிற தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையோ வெள்ளையோ இருந்தால் உயிர் இருக்கிறது, தண்ணீர் கிடைத்தால் துளிர்க்கும். உள்ளே பழுப்பாக இருந்து, முறித்தால் படக்கென்று ஒடிகிறது என்றால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மதில் ஓரத்தில் எடுக்கிற வரிசையிலிருந்து ஒரு துண்டு வையுங்கள். சின்ன இடம் என்றால் அதுகூட வேண்டாம், கொரியன் புல் பக்கத்திலிருந்து ஓடி மூடிவிடும், ஆனால் மெதுவாகத்தான் ஓடும், பொறுமை வேண்டும்.

வெட்டுவதற்குத் தேதி பார்க்காதீர்கள், பாயைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தூக்க வராமல் பிடித்துக்கொண்டு நின்றால் வெட்டலாம், இந்த ஜாதிக்கு மூன்று வாரம், சில இடத்தில் அதற்கு மேலும் ஆகும். வெட்டுவதற்கு முந்தின நாள் தண்ணீரை நிறுத்தி, மேல்மண் இறுகிய பிறகு, கூர்மையான பிளேடில், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் வெட்டுங்கள். வெயில் குறையும்வரை கொஞ்சம் உயரமாகவே விட்டுவையுங்கள், தரைக்கு நிழலாக இருக்கும். அதே இழுத்துப் பார்க்கும் சோதனைதான் தண்ணீருக்கும், பிடித்துக்கொண்டது தெரிந்ததும் நான்கு தடவையை இரண்டாக்கி, அப்புறம் காலையில் ஒரே தடவையாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆழமாக விடுங்கள், வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். செம்மண்ணுக்கு அடியில் மணல் இருப்பதால் அந்த எல்லையில் தண்ணீர் கொஞ்சம் தயங்கி நிற்கும், வேர் பிடித்ததும் கம்பியால் ஆங்காங்கே குத்தித் துளை போட்டு மணலை நிரப்புங்கள்.

வைகாசி முடிந்ததும் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பும், கடல் உப்பையும் அள்ளிக்கொண்டு வரும். அரளி வளரும்வரை அந்தப் பக்கத்து மதிலுக்கு மேல் பச்சை வலை கட்டிவிடுங்கள். காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில் நல்ல தண்ணீரால் இலையை ஒரு தடவை கழுவிவிடுங்கள்.