மறு: சொற்பட்டியல் – பவளமணிச் செடிக்கு மகுடமா, தூரா?

அன்புள்ள குழுவினருக்கு,

பவளமணி (ஹ்யூக்கெரா என்ற தோட்டச் செடி) வளர்ப்புக் கையேட்டின் சொற்பட்டியலில் 'கிரவுன்' என்பதற்கு 'மகுடம்' என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றியே ஆக வேண்டும். மகுடம் உச்சியில் இருப்பது. நாம் சொல்ல வருவதோ தண்டும் வேரும் கூடுகிற அடிப்பாகம். அதற்கு உழவர் வாயில் நல்ல சொல் இருக்கிறது: தூர். நெல் தூர் கட்டுகிறது என்கிறோமே, அதே தூர்.

ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், இந்தச் செடி பிழைப்பதும் சாவதும் அந்த ஓர் அங்குலத்தில்தான். நடும்போது தூர் மண்மட்டத்தில் இருக்க வேண்டும். ஆழப் புதைத்து, தண்ணீரும் தேங்கினால் அழுகிவிடும். மூன்று, நான்கு ஆண்டுகளில் தூர் கட்டை பாய்ந்து நீண்டு, இலைக்கொத்து நுனியில் மட்டும் நிற்கும். அப்போது வசந்தத்தில் தோண்டி, வேரோடு துண்டு துண்டாகப் பிரித்து, இலைக்கொத்து மண்ணை ஒட்டி நிற்கும்படி நட வேண்டும். இதையெல்லாம் 'மகுடம்' என்று எழுதினால், படிப்பவர் இலையைத் தூக்கிப் பார்ப்பாரே தவிர மண்ணைப் பார்க்க மாட்டார்.

அடுத்தது 'ஃப்ராஸ்ட் ஹீவ்'. பட்டியலில் உள்ள 'உறைபனிப் பெயர்வு' பக்கவாட்டில் நகர்வதுபோலத் தொனிக்கிறது. இங்கே ஒன்டாரியோவில் குளிர்காலக் கடைசியில் மண் பகலில் இளகி இரவில் உறையும். உள்ளே உருவாகும் பனிப்படலம் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சித் தடித்துக்கொண்டே போய், வேர் ஆழமாக இறங்காத இந்தச் செடியைத் தூரோடு தூக்கிவிடும். மார்ச்சில் போய்ப் பார்த்தால் செடி மண்ணுக்கு மேல் ஏறி, பழுப்பு வேர்கள் காற்றில் கிடக்கும். ஆகவே 'பனித்தூக்கல்' என்கிறேன். மண் நன்றாக உறைந்த பிறகு, தூரை மூடாமல் சுற்றிலும் சருகு, வைக்கோல் போன்ற மூடாக்குப் போட்டால் பனித்தூக்கல் குறையும். வாக்கியத்தில் இடறாமல் உட்காருகிறது, பாருங்கள்.

ஹ்யூக்கெரா என்ற பேரினப் பெயரை மட்டும் அப்படியே விடுவோம். ஹொய்கர் என்ற ஜெர்மானிய மருத்துவரின் நினைவாகத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது அது. பவளமணி என்பது அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கத்துச் செம்பூ இனத்துக்கே சரியாகப் பொருந்தும்.

—

ஐயா, 'பனித்தூக்கல்' அருமை. தூரில்தான் ஒரு தயக்கம். ஏரியில் தூர் வாருகிறோம். நகரத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தூர்தான் தெரியும். 'வேர்க்கழுத்து' என்றால் என்ன?

—

நல்ல கேள்வி அம்மா. கழுத்து என்றால் ஒரு கோடு, ஓர் எல்லை. இங்கே மொட்டுகள் அடங்கிய ஒரு திரட்சி இருக்கிறது. அதைத்தான் பிரித்து நடுகிறோம். நெல்லிலும் தூரிலிருந்துதான் கிளைப்பு வருகிறது. குழப்பம் வரும் இடத்தில் 'செடித்தூர்' என்று எழுதிக்கொள்ளலாம்.

பனித்தூக்கலுக்கான விளக்கத்தில் 'வேர்கள் செடியோடுதான் இருக்கும்' என்று ஒரு வரி சேருங்கள். கூன்வண்டின் புழு வேரைத் தின்றாலும் செடி தளர்ந்து ஆடும். ஆனால் இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்துவிடும். பனி தூக்கியதைத் திரும்ப நட்டால் போதும். புழு தின்றதில் மண்ணைக் கிளறிப் புழுவைத் தேட வேண்டும், வெண்ணிற உடல், பழுப்புத் தலை.