ராத்திரி ரோட்டில் கூப்பிட்டவரை நம்பிப் போயிருக்கலாமா?

செம்மண்_ரைடர்:
நானும் நண்பனும் திருச்செந்தூரிலிருந்து உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரிக்கு பைக்கில் கிளம்பினோம், டென்ட் எல்லாம் கட்டிக்கொண்டு. உவரி தாண்டியதும் பின் டயர் பஞ்சர், மணி ஒன்பதுக்கு மேல். டிவிஎஸ் எக்ஸலில் வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தி, "எந்த ஊருப்பா?" என்றார். அப்புறம், "இந்தா, பக்கத்துலதான் நம்ம முருங்கை விளை. மோட்டார் ரூம் வாசல்ல டென்ட்டப் போட்டுக்கிட்டு காலையில போங்க" என்றார். (விளை என்றால் தோட்டம்.) நண்பன் உடனே சரி என்றான். நான் வேண்டாம் என்று சொல்லி, வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் பெட்ரோல் பங்க்கில் படுத்தோம். நல்ல மனுசனை அசிங்கப்படுத்திவிட்டாய் என்று அவன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பொருநைக்கரை:
நண்பன் பக்கம்தான் நான். நம்ம சீமையில் ராத்திரி ஒருத்தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் நிறுத்திக் கேட்பதுதான் வழக்கம், கேட்காமல் போனால்தான் ஆச்சரியம். ராணி மங்கம்மாள் சாலை போட்டு வழியெல்லாம் சத்திரம் வைத்தது சொந்தக்காரர்களுக்காகவா? இப்போதும் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பாருங்கள், காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குகிற ஜனங்களுக்குப் பக்கத்துக் குடிலில் யார் என்றே தெரியாது, ஆனால் பொங்கியதில் ஒரு கிண்ணம் அங்கே போகும்.

பதினாறு_வீல்:
அண்ணாச்சி, அந்தக் கூட்டமும் ஆள் இல்லாத விளையும் ஒன்றா? அங்கே ஏதாவது என்றால் ஒரு சத்தத்துக்கு நூறு பேர் எழுந்து வருவார்கள். நான் நாலுவழிச் சாலையில் லாரி ஓட்டுகிறவன். நாலைந்து வண்டி நிற்காத இடத்தில் படுக்கவே மாட்டேன், படுத்தாலும் டீசல் டேங்க் இருக்கிற பக்கத்தை அடுத்த லாரியோடு ஒட்டி நிறுத்திவிட்டுத்தான் கண்ணை மூடுவேன், ஏனென்றால் விடிவதற்குள் உறிஞ்சிவிட்டுப் போகிற ஆள் வெளியூரிலிருந்து வருவதில்லை. நானாகப் போய்க் கேட்கிற டீக்கடைக்காரரை நம்புவேன். தானாக வந்து கூப்பிடுகிறவரை மாட்டேன். தம்பி செய்தது சரி.

பொருநைக்கரை:
வே, அதைத் திருப்பிப் பாரும். மோட்டார் ரூமில் காப்பர் வயரை அறுத்துக்கொண்டு போகிற காலம் இது. முன்பின் தெரியாத ரெண்டு வாலிபப் பயல்களைத் தன் மோட்டார் ரூமுக்கே கூப்பிட்டாரே, பயப்பட வேண்டியவர் அவரா இவர்களா?

தேரிக்காடு:
ரெண்டு பேருமே ஆம்பளைக் கணக்குதான் பேசுகிறீர்கள். நானும் தங்கச்சியும் ஸ்கூட்டியில் போனால் இப்படி ஒரு கேள்விக்கே இடம் கிடையாது, விளைக்கும் போக மாட்டோம், பெட்ரோல் பங்க்கிலும் படுக்க மாட்டோம். உவரி அந்தோணியார் கோயிலுக்கு நேர்த்திக்காக வந்து குடும்பம் குடும்பமாகத் தங்குகிறார்களே, அந்த மாதிரி இடத்தில் ஒரு ஆச்சி பக்கத்தில் பாயைப் போடுவோம். அதுவும் தெரியாத ஆள்தான், நம்பிக்கைதான். ஆனால் பதினாறு வீல் அண்ணன் சொன்ன மாதிரி, யாரை நம்புவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம்.

கங்கைகொண்டான்:
யாரும் தொடாத விஷயம் ஒன்று. "எந்த ஊரு?" என்றால் நம்ம பக்கம் அது முதல் கேள்விதான். அடுத்தது எந்தத் தெரு, அதற்கடுத்தது யார் மகன். மூன்றாவது பதிலைக் கேட்டபிறகு "அங்கன பாம்பு கெடக்கும் தம்பி, நீங்க பங்க்குக்கே போயிருங்க" என்று பேச்சு மாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சத்திரக் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே திண்ணையா கிடைத்தது?

பொருநைக்கரை:
அதை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் பெரியவரை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமா?

செம்மண்_ரைடர்:
தெருவெல்லாம் கேட்கவில்லை. ஊரைக் கேட்டார், அடுத்து "சாப்டாச்சா?" அவ்வளவுதான். அவர் மேல் எனக்குச் சந்தேகமும் இல்லை. ரோட்டை விட்டு எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று கேட்டேன், கையை நீட்டினார், அந்தப் பக்கம் ஒரு விளக்குகூடத் தெரியவில்லை.

தேரிக்காடு:
பதினாறு வீல் அண்ணன், ஒரு சந்தேகம். கை காட்டுகிறவர் அடிபட்டுக் கிடந்தால்?

பதினாறு_வீல்:
அதற்கு நிறுத்துவேன் தாயி. தூக்கிக்கொண்டு போனால் கேஸில் இழுப்பார்கள் என்று முன்னே பயந்தார்கள், 2019 திருத்தத்தில் உதவி செய்கிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பாதுகாப்பு கொடுத்துவிட்டார்கள். நிறுத்தப் பயமாக இருந்தால் 112-க்கு அடிக்கலாம், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும். தம்பி, பஞ்சர் கிட்டும் கையடக்க ஏர் பம்பும் வாங்கி வண்டியில் போடு. அடுத்த தடவை டென்ட்டோடு முண்டந்துறைப் பக்கம் போகிற நினைப்பு இருந்தால் இப்போதே விடு, அது புலிகள் காப்பகம், அனுமதி இல்லாமல் காட்டுக்குள் படுத்தால் வனத்துறை கேஸ் போடும். அங்கே எந்தப் பெரியவர் கூப்பிட்டாலும் செல்லாது.

பொருநைக்கரை:
கேஸைப் பேசியே ஆளைப் பயமுறுத்தும். தம்பி, நீ அந்த விளைக்குப் பகலில் ஒரு நடை போய் ரெண்டு கிலோ முருங்கைக்காய் வாங்கிட்டு வா, உன் நண்பன் பேசுவான்.