கிளின்ச்சில் முழங்கால் அடி: முட்டிச்சில்லு வலிக்குது, பிடிச்ச ஆளும் நிமிர்ந்துடுறான்

கேள்வி (மாலைபேட்ச்):
முவாய் தாய் (தாய்லாந்து குத்துச்சண்டை) பழகி எட்டு மாசம். குத்துப் பயிற்சிக்குத் தொங்கவிடற பேக்கில் நேர் முழங்கால் போட்டா முட்டிச்சில்லு மேலேயே வலி. கிளின்ச்சில் (நெருங்கி நின்னு ஒருத்தரையொருத்தர் பிடிச்சுக்கிற நிலை) கழுத்தைப் பிடிச்சு இழுத்தாலும் எதிராளி நிமிர்ந்துடுறான். எங்கே தப்பு?

இடுப்புதான்முக்கியம்:
வலிக்குக் காரணம், சில்லாலேயே அடிக்கிறீங்க. படவேண்டியது சில்லுக்குச் சற்று மேலே, தொடை எலும்பு முடியற இடம். குதிகாலைப் புட்டத்தோட ஒட்டி மடக்குங்க. கால்விரல் நுனி தரையைப் பார்க்கட்டும். முட்டியை மேலே தூக்காம, இடுப்பை முன்னாடி தள்ளுங்க. ஊன்றின காலின் குதிகால் தரையை விட்டு எழலைன்னா இடுப்பு வேலை செய்யலைன்னு அர்த்தம்.

பேக்கையும் அமுக்கிப் பாருங்க. துணி நிரப்பின பேக்கில் நாளாக ஆக உள்ளே இருக்கிறது இறங்கி, அடிப்பாகம் கல்லாயிடும். முட்டி படுற உயரம் பெரும்பாலும் அங்கேதான். கொட்டி, உதிர்த்து, திரும்ப நிரப்புங்க. அடிச்ச மறுநாள் வீங்கினா, படி இறங்கும்போது குத்தினா, முழங்கால் அடியை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க.

பிடிவிடாதவன்:
நிமிர்றதுக்குக் காரணம் பிடி. பிடரியைப் பிடிக்காதீங்க, பின்மண்டை மேட்டைப் பிடிங்க. உள்ளங்கை மேல் உள்ளங்கை. விரல்களைக் கோக்கவே கூடாது, இழுபறியில் முறியும். முழங்கைகள் ரெண்டும் நெருக்கமா, முன்கை அவன் காறை எலும்புல அழுந்தணும். முழங்கை விரிஞ்சா அந்த இடைவெளியில் கையை நுழைச்சு உள்பிடி (உங்க கைகளுக்கு உள்பக்கமா அவன் பிடி) எடுத்துடுவான்.

கைபலத்தால் இழுத்தா முதல் ரவுண்டிலேயே தோள் செத்துடும். முன்கையால் கீழே அழுத்தி, ஒரு காலைப் பின்னாடி வச்சு உடம்பு எடையால் இழுங்க. அவன் தள்ளாடி முன்னாடி அடி வைக்கிற அதே நொடியில், பின்னாடி வச்ச அந்தக் கால் முட்டியாகத் திரும்பி வரணும். 2006-ல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் ரிச் ஃப்ராங்க்ளினை ஆண்டர்சன் சில்வா பிடிச்ச சண்டையை மெதுவா ஓட்டிப் பாருங்க: முட்டியை விட முதல்ல தலையைத் திருப்பி நிலைகுலைக்கிறதுதான் கண்ணில் படும்.

தெருவேற:
மேலே சொன்ன இரட்டைக் கைப்பிடி ரிங்குக்குச் சரி, தற்காப்புக்கு நான் சொல்லமாட்டேன். ரெண்டு கையும் கழுத்துல இருந்தா அவன் கை இடுப்புல என்ன தேடுதுன்னு தெரியாது. ஒரு கை பின்மண்டையில், இன்னொன்று அவன் மேற்கையில். இலக்கு தொடையின் வெளிப்பக்கம், அடிவயிறு, இல்லைன்னா விரைப்பகுதி. செருப்போட ஈரத்தரையில் ஒத்தைக்கால்ல நிக்கிறீங்கங்கறதை மறக்காதீங்க. ஒண்ணோ ரெண்டோ அடி, உடனே விலகி ஓடுங்க. அவன் சுருண்ட பிறகும் முகத்துல போட்டா அது தற்காப்பு ஆகாது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாதுன்னு பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, இந்தியக் குற்றவியல் சட்டம்) 37-ம் பிரிவு சொல்லுது.

மாலைபேட்ச்:
ஜோடியா பழகும்போது தாடை, விலா அடிபடாம எப்படி?

பிடிவிடாதவன்:
முட்டி நுனியால் குத்தாம, தொடையின் உள்பக்கத்தால் விலாவைத் தட்டுங்க. தலைக்கு வேண்டவே வேண்டாம். மூணு நிமிஷம் பிடி மட்டும், அடியே இல்லாம, ரெண்டு ரவுண்டு முதல்ல போடுங்க. எதிராளி நிமிராத நாள்லேருந்து முட்டியைச் சேருங்க.